கிணற்றடிப் பூ

என் கோழிகளுக்கு வெள்ளைக்கழிச்சல் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் செக்கானூரணிச் சந்தை வரைக்கும் பேச்சு அப்படித்தான் போயிருக்கிறது. பாண்டீஸ்வரி வீட்டுக் கோழி சீக்குக் கோழி, கிட்டே போகாதீர்கள் என்று சொன்ன வாய்கள் எவையெவை என்று எனக்குத் தெரியும். போன தீபாவளிக்கு என் வீட்டுச் சேவலைச் சப்புக்கொட்டித் தின்றதும் அதே வாய்கள்தான்.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு வேலி. வேலிக்கு அந்தப் பக்கம் என் கொழுந்தன் செல்வக்குமாரின் மல்லிகைத் தோட்டம். பாகம் பிரித்தபோது தோட்டமும் கிணறும் அவருக்குப் போயின, வீடும் அதை ஒட்டிய காலியிடமும் எங்களுக்கு வந்தன. என் வீட்டுக்காரர் கருத்தக்கண்ணன் குட்டியானை என்கிற சின்ன சரக்கு வண்டி ஓட்டுகிறார். விடிந்ததும் ஊர்ப் பூவையெல்லாம் ஏற்றிக்கொண்டு மாட்டுத்தாவணி மார்க்கெட்டுக்குப் பறப்பார். நான் அந்தக் காலியிடத்தில் நாட்டுக்கோழி வளர்க்கிறேன். விடிகாலையில் ஊர்ப் பெண்களோடு கொழுந்தன் தோட்டத்தில் பூவும் எடுப்பேன். செல்வக்குமாரின் மனைவி அன்னக்கொடியும் எங்களோடு எடுப்பாள். முதலாளி பெண்டாட்டி என்ற மிதப்பெல்லாம் அவளிடம் கிடையாது. பேச்சும் அதிகம் கிடையாது.

நாங்கள் தோட்டத்துக்குள் போனால் கோழிகளும் பின்னாலேயே வரும். நான் இந்த ஊருக்கு வாக்கப்பட்டு வந்த நாளிலிருந்து இப்படித்தான். புழு துளைத்த மொட்டு ஊதா நிறமாகிவிடும், மார்க்கெட்டில் எடுக்க மாட்டார்கள். அதைக் கிள்ளிக் காலடியில் போடுவோம். கோழி கொத்திக்கொள்ளும். பூவுக்குப் புழு ஒழிந்தது, கோழிக்குத் தீனி ஆச்சு. மருந்தடிப்பதாக இருந்தால் மட்டும் செல்வக்குமார் முதல் நாள் சாயங்காலமே வேலியோரம் வந்து, "மதினி, மருந்தடிக்கப் போறேன், கோழிய அடைச்சு வையுங்க" என்று குரல் கொடுப்பார். நான் அடைத்துவிடுவேன். பூ எடுக்கிற பெண்களும் மருந்தடித்த அடுத்த நாள் உள்ளே போக மாட்டார்கள்.

வைகாசி முகூர்த்தத்துக்குப் பூ விலை எகிறிக் கிடந்த வாரம் அது. அன்றைக்கு அவர் குரல் கொடுக்கவில்லை.

விடிகாலையில் உள்ளே போனதுமே ஒரு நெடி. பக்கத்துக் கத்தரிக்காட்டில் அடித்திருப்பார்கள் என்று ஒருத்தி சொன்னாள், நாங்களும் சரி என்று விட்டுவிட்டோம். நடுத்தோட்டத்தில் செடிக்கடியில் புழு கொட்டிக் கிடந்தது. அத்தனை புழுவை ஒரே நாளில் நான் பார்த்ததே இல்லை. கோழிகளுக்கு ஒரே கொண்டாட்டம். "ஒன் கோழிக்கு இன்னைக்குக் கல்யாண விருந்துக்கா" என்று சொல்லிச் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். அன்னக்கொடி மட்டும் சிரிக்கவில்லை. தலைவலி என்று சொல்லிக்கொண்டு முந்தானையால் கண்ணைத் துடைத்தபடி எடுத்தாள்.

வெயில் ஏறுவதற்குள் செவலைப் பெட்டை தள்ளாட ஆரம்பித்தது. கால் பின்னிக்கொண்டு விழுந்தது, எழுந்தது, மறுபடி விழுந்தது. வாயிலிருந்து எச்சில் நூலாக வடிந்தது. கண்ணில் தண்ணீர். இறக்கை தொங்கி, கொண்டை கறுத்து, அலகைத் திறந்து திறந்து மூச்சுக்குத் தவித்தது. அதைத் தூக்கி மடியில் வைப்பதற்குள் அடுத்தது விழுந்தது. அப்புறம் எதை முதலில் பிடிப்பது என்றே தெரியவில்லை. மத்தியானத்துக்குள் பாதிக் கோழி போய்விட்டது. நான் அழுதேன். கோழிக்காக அழுவாயா என்று கேட்பவர்கள் கேட்டுக்கொள்ளட்டும், எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை.

கதவைத் தட்டாமலே உள்ளே வந்தார் மலையாண்டி அண்ணன். சண்டைச் சேவல் வளர்க்கிற ஆள். பெண்டாட்டிக்குக் காய்ச்சல் மாத்திரை வாங்க யோசிப்பார், சேவலுக்குப் பாதாம் ஊறப்போடுவார்.

"தங்கச்சி, இது வெள்ளைக்கழிச்சலுதேன். ஊர்க் கோழி அம்புட்டையும் வாரிட்டுப் போயிரும். மிச்சத்தையும் இன்னைக்கே கொன்னு பொதைச்சிரு."

"கழிச்சல் எங்கண்ணே இருக்கு? எச்சம் பச்சையா போகல, வெள்ளையா போகல. நீங்களே பாருங்க."

"நான் பார்க்காத கோழியா? சரி, கொல்ல மனசு வரலைன்னா மாப்ள வண்டியில ஏத்தி டவுனுக்கு அனுப்பிரு. விடிஞ்சா கறியாயிரும்."

"எந்தப் பிள்ள வயித்துக்குண்ணே அந்தக் கறி போகும்? ஒங்க பேரன் வயித்துக்கா?"

அவருக்கு மூஞ்சி சுருங்கிவிட்டது. "நாளைக்குச் சாயங்காலம் மந்தையில பேசிக்குவோம்" என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போனார்.

வேலியோரம் போய் நின்று கொழுந்தனைக் கூப்பிட்டேன். கிணற்று மேட்டில் நின்றிருந்தவர் அங்கிருந்தே பதில் சொன்னார்.

"மருந்தெல்லாம் அடிக்கல மதினி. பூ நல்லா வைக்கட்டும்னு டானிக் மட்டுந்தேன் அடிச்சேன். சத்து டானிக்கு. அது யாரையும் ஒண்ணும் செய்யாது."

டானிக்காம்.

கால்நடை மருந்தகத்துக்குப் போன் போட்டேன். டாக்டர் ஷாஹீதா உடனே ஸ்கூட்டரில் வந்துவிட்டார். மதுரை டவுனுக்குள்ளே பிறந்து வளர்ந்த பெண். தினமும் அங்கேயிருந்துதான் வந்து போகிறார். வந்ததும் விழுந்து கிடந்தவற்றுக்கு வரிசையாக ஊசி போட்டார். அப்புறம் செத்த செவலையை எடுத்து, கழுத்துக்குக் கீழே இரைப்பையைக் கீறினார். ஊதா மொட்டும் புழுவுமாகத் திணிந்திருந்தது. அதிலிருந்து கிளம்பிய நெடி எனக்கு நன்றாகத் தெரிந்த நெடி. காலையில் தோட்டத்துக்குள் மூக்கில் ஏறியது அதுதான்.

"சீக்கு இல்லக்கா. விஷம்" என்றார். "சீக்குன்னா ஒண்ணு ஒண்ணா விழும், நாலஞ்சு நாளாகும். இது மேய்ஞ்சு வந்ததும் மொத்தமா விழுந்திருக்கு. பூச்சி மருந்துல செத்த புழுவத் தின்னுருக்கு. எச்சி வடியுறது, கண்ணுல தண்ணி, கால் இழுக்குறது எல்லாம் அதோட வேலைதான். சாம்பிள் எடுத்து லேபுக்கு அனுப்புறேன். பதில் வர நாளாகும்."

பையிலிருந்து ஒரு பொட்டலமும் ஒரு பாட்டிலும் எடுத்துக் கொடுத்தார். வைட்டமின் சி, வைட்டமின் ஈ. தண்ணீரில் கலந்து வைக்கச் சொன்னார்.

"இதுதான் விஷத்த முறிக்குமா டாக்டரம்மா?"

"முறிக்கிறதுக்குத்தான் ஊசி. ஊசி போட்டாலும் உள்ள போன விஷம் ஈரல, ரத்தத்த அரிச்சுக்கிட்டே இருக்கும்கா. இந்த வைட்டமின் அந்த அரிப்ப மட்டுப்படுத்தும், கோழி தேறி வரும். ஆனா ஒண்ணு, இது காவல்தான். தினமும் விஷம் உள்ள போனா எந்தக் காவலும் நிக்காது. தேறுறதையும் இப்பதைக்குக் கறிக்குக் குடுக்காதீங்க. முட்டையும் வேணாம்."

செத்ததையெல்லாம் நாய் கிளறாதபடி ஆழமாகக் குழி வெட்டி நானும் அவருமாகப் புதைத்தோம். அவர் என்றால் என் வீட்டுக்காரர். மார்க்கெட்டிலிருந்து வந்ததும் மண்வெட்டியை எடுத்தார். தம்பியிடம் போய் ஏன் என்று கேட்கவில்லை. அந்தக் கோபமும் எனக்கு இருந்தது, இப்போதும் இருக்கிறது.

மறுநாள் முழுக்கக் கூண்டடியிலேயே உட்கார்ந்திருந்தேன். வைட்டமின் தண்ணீரை ஒவ்வொன்றுக்கும் கிண்ணத்தில் காட்டிக் குடிக்க வைத்தேன். குடிக்காததற்குச் சொட்டுச் சொட்டாக அலகோரம் விட்டேன். அப்போதுதான் ஒன்று கவனித்தேன். குஞ்சுக்காரி, அதாவது குஞ்சு பொரித்து இரண்டு வாரமான பெட்டை, தன் குஞ்சுகளோடு சுகமாகத் திரிந்தது. நேற்று அதுவும் தோட்டத்துக்குள்தான் மேய்ந்தது. ஆனால் நடுத்தோட்டத்துக்குப் போகவில்லை. குஞ்சுகளுக்கு ஈர மண் வேண்டும் என்று கிணற்றடியில் இருக்கிற மல்லிகைச் செடிகளுக்குக் கீழேயே கிளறிக்கொண்டிருந்தது.

வேலியைத் தாண்டிப் போய்க் கிணற்றடிச் செடிகளைப் பார்த்தேன். இலையெல்லாம் ஓட்டை. ஊதா மொட்டுகள். ஒரு மொட்டை விரித்தால் உள்ளே புழு உயிரோடு நெளிந்தது. நடுத்தோட்டம் வரை நடந்து பார்த்தேன், ஒரு எறும்பு கூட ஊரவில்லை.

கிணற்றடிக்குத் திரும்பும்போது செல்வக்குமாரின் மகள் பவதாரிணி கிண்ணத்தோடு வந்தாள். கல்லூரியில் படிக்கிற பிள்ளை. கிணற்றடிச் செடியில் நல்ல மொட்டாகப் பார்த்துப் பறித்துப் போட்டுக்கொண்டு, "பெரியம்மா, கோழி தேறிருச்சா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். எப்போதும் அவள் தலைக்கும், அவர்கள் வீட்டுச் சாமி படத்துக்கும் அங்கேதான் பூ. எங்கள் வீட்டுக்கும் அன்னக்கொடி அங்கேயிருந்துதான் கொண்டுவந்து தருவாள். கிணற்றடி கைக்கு எட்டுகிற இடம், அதனால் என்று இத்தனை வருஷமாக நினைத்திருந்தேன். ஊரே அப்படித்தான் நினைத்திருந்தது. அல்லது நினைத்த மாதிரி இருந்துகொண்டது.

சாயங்காலம் ஊர்ப் பொதுத்திடலான மந்தையில் கூட்டம். பெண்கள் வேப்பமரத்தோரம், ஆண்கள் மேடையில். டாக்டர் ஷாஹீதாவும் வந்திருந்தார். மலையாண்டி அண்ணன் தன் சேவலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டே பேசினார். சீக்குக் கோழியை வைத்திருக்க ஊர் விடாது, இன்றைக்கே மிச்சத்தைக் கொல்ல வேண்டும் என்றார். தலைகள் ஆடின.

டாக்டர் எழுந்து, "இது நோய் இல்ல, பூச்சி மருந்து விஷம். மத்த கோழிக்கு ஒட்டாது" என்றார்.

செல்வக்குமார் சிரித்தார். "டாக்டரம்மா, நான் அடிச்சது டானிக்கு. எங்கயாச்சும் வேற காட்டுல போய் மேய்ஞ்சிருக்கும். மதினிக்குக் கோழி செத்த வருத்தம், அதேன் என்னையச் சொல்றாங்க."

நான் எழுந்தேன். என் வீட்டுக்காரர் என் முந்தானையைப் பிடித்து இழுத்தார். உதறிவிட்டேன்.

"கொழுந்தனாரே, டானிக்குன்னா பூ நல்லா வைக்கும்ல?"

"ஆமா."

"அப்ப கிணத்தடிச் செடிக்கு ஏன் அடிக்கல?"

அவர் தோள் துண்டை எடுத்து மாற்றிப் போட்டார்.

"நடுத்தோட்டத்துல ஒரு புழு உசுரோட இல்ல. கிணத்தடியில எல எலையா ஓட்ட. வாங்க, இப்பவே எல்லாரும் போய்ப் பார்ப்போம். யாரையும் ஒண்ணும் செய்யாத டானிக்க ஒங்க மக தலைக்கு வைக்கிற செடிக்கு மட்டும் ஏன் காட்ட மாட்டேங்குறீங்க?"

பவதாரிணி வேப்பமரத்தோரம் பெண்களோடு நின்றிருந்தாள். கை தன்னாலே அவள் கொண்டைப் பூவுக்குப் போனது. எல்லாரும் அதைப் பார்த்தார்கள்.

"மதினி, எம் பிள்ளைய எதுக்கு இழுக்குறீங்க?"

"நீங்கதேன் இழுத்தீங்க. ஒங்க பிள்ள தலைக்கு ஆகாத பூவ எங்க கையில எடுக்க விட்டீங்க. சொல்லாம விட்டீங்க. சொன்னா ஒரு நாள் பூ போயிரும், முகூர்த்தம் போயிரும்னு."

மந்தையில் பேச்சு சலசலத்தது. மலையாண்டி அண்ணன் சேவலைக் கீழே விடாமல் இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார், ஆனால் கொல்லச் சொல்லும் பேச்சை அதற்கப்புறம் எடுக்கவில்லை. செல்வக்குமார் சமாதானக் குரலில், பெரிய மனுஷன் தோரணையில் ஆரம்பித்தார்.

"சரி, கொஞ்சம் மருந்தும் சேர்ந்துதேன் இருந்துச்சு. யாரு அடிக்கல? மருந்தடிக்காம மதுரை மல்லி ஏது? டாக்டரம்மா, அந்த வைட்டமின் குடுத்தா கோழி தேறுதுல்ல?"

"குடுத்தா தேறும். ஆனா..."

"அம்புட்டுத்தேன். அந்த வைட்டமின நானே மாசாமாசம் வாங்கித் தாரேன். மதினி தண்ணியில கலந்து ஊத்தட்டும். நான் பாட்டுக்கு மருந்தடிக்கிறேன், கோழி பாட்டுக்கு மேயட்டும். பிரச்சனை முடிஞ்சிருச்சுல்ல?"

நியாயமாகத்தான் பேசுகிறார் என்று நாலு பேர் சொன்னார்கள். என் வீட்டுக்காரர் முகத்தில் அப்பாடா என்று ஒரு நிம்மதி. எனக்கு உச்சந்தலை வரை சூடு ஏறியது.

"நீங்க வெசத்த ஊத்துவீங்க, நான் பின்னாடியே சத்து மருந்த ஊத்திக்கிட்டுத் திரியணுமா? எதுக்கு? நீங்க நிம்மதியா இன்னும் கொஞ்சம் வெசம் அடிக்கிறதுக்கா? எங்கோழி உசுரோட இருக்கணும்னுதேன் அதக் குடுக்குறேன். ஒங்களுக்கு வசதி பண்றதுக்குக் குடுக்கல."

"அப்ப என்னதேன் செய்யச் சொல்றீங்க?"

"என்னைக்கு நடுத்தோட்டத்துப் பூவப் பறிச்சு ஒங்க கையால பவதாரிணி தலையில வைக்கிறீங்களோ, அன்னைக்கு எங்கோழி உள்ள வரும். நானும் பூ எடுக்க வாரேன். அதுவரைக்கும் வர மாட்டேன்."

சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். வாயால் சொல்வது சுலபம். பூ எடுக்கிற மற்ற பெண்களுக்கு அன்றாடம் ஓட வேண்டுமே. விடிந்தால் தோட்டத்துக்குப் போகாதவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன் என்று நினைத்துக்கொண்டே படுத்தேன்.

விடிகாலையில் கூண்டடியில் வைட்டமின் தண்ணீர் கலக்கிக்கொண்டிருந்தேன். வாசலில் சத்தம். பூ எடுக்கும் பெண்கள் தெருவில் கூடி நின்றிருந்தார்கள். உள்ளேயும் போகவில்லை, வீட்டுக்கும் திரும்பவில்லை. அன்னக்கொடிக்காகக் காத்திருந்தார்கள். தோட்டக்காரி உள்ளே இறங்கிவிட்டால் இவர்களும் இறங்கியாக வேண்டும். தெருவின் அந்தக் கோடியில் செல்வக்குமார் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

அன்னக்கொடி கூடையோடு வந்தாள். தோட்டத்துக்குத் திரும்புகிற இடத்தில் நின்றாள். அப்புறம் நேரே என் வாசலுக்கு வந்து, கூடையைக் கவிழ்த்துப் போட்டு, அதன் மேல் உட்கார்ந்தாள். முகமெல்லாம் வியர்வை. அந்த நேரத்துக்கு வியர்க்கிற வெக்கையே இல்லை.

"அக்கா" என்றாள். "அந்த டாக்டரம்மா கோழிக்கு என்னென்ன செய்யும்னு சொன்னாங்க?"

"எச்சி ஊறும், கண்ணுல தண்ணி வடியும், காலு இழுக்கும்னாங்க. ஏன்டி?"

"எனக்கும் அதேன். போன மாசத்துலருந்து. மருந்தடிக்கிறப்ப நான்தான டியூப் பிடிக்கிறேன். இந்தத் தடவை வெளிய சொல்லக் கூடாதுன்னுட்டாரு. வாயில எச்சி ஊறுது, முழுங்க முடியல. கண்ணு மங்கலாத் தெரியுது. பித்தம்னு நெனைச்சு எலுமிச்சம்பழம் குடிச்சேன்." அவள் என் கையிலிருந்த கிண்ணத்தைப் பார்த்தாள். "கோழிக்காச்சும் டாக்டரக் கூப்பிட நீ இருந்த. எனக்கு யாருக்கா இருக்கா?"

கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு அவள் கையைப் பிடித்தேன். விரலெல்லாம் நடுங்கியது. என் செவலையின் காலை அன்றைக்குப் பிடித்தபோது உணர்ந்த அதே நடுக்கம்.

"ஏங்க, வண்டிய எடுங்க" என்று கத்தினேன்.

என் வீட்டுக்காரர் இந்த முறை முந்தானையைப் பிடித்து இழுக்கவில்லை. பூக்கூடை ஏற்றுகிற வண்டியில் ஜமக்காளத்தை விரித்து அன்னக்கொடியைப் படுக்க வைத்தார். நான் அவள் தலைமாட்டில் உட்கார்ந்தேன். பவதாரிணி ஓடிவந்து கால்மாட்டில் ஏறிக்கொண்டாள். வண்டி தெருக்கோடியைத் தாண்டும்போது செல்வக்குமார் "அன்னம்" என்று ஒரு தரம் கூப்பிட்டார். வண்டி நிற்கவில்லை. மாட்டுத்தாவணிக்குப் போகிற வண்டி அன்றைக்குப் பெரியாஸ்பத்திரிக்குப் போனது.

நல்ல வேளையாகச் சரியான நேரத்தில் கொண்டுவந்தீர்கள் என்றார்கள். ஊசி போட்டு, குளுக்கோஸ் ஏற்றி, சில நாள் இருக்கட்டும் என்று படுக்க வைத்துக்கொண்டார்கள். பவதாரிணியைத் துணைக்கு விட்டுவிட்டுச் சாயங்காலம் நாங்கள் ஊருக்குத் திரும்பினோம். கிளம்பும்போது பார்த்தேன், பிள்ளை தலையில் பூ இல்லை. எப்போது எடுத்து எறிந்தாள் என்று தெரியவில்லை.

ஊர் எல்லையிலேயே மணம் அடித்தது. பறிக்காத தோட்டம் முழுக்க மலர்ந்து கிடந்தது. மொட்டாக மார்க்கெட்டுக்குப் போக வேண்டிய பூவெல்லாம் செடியிலேயே விரிந்து, வேலிக்கு அந்தப் பக்கம் ஒரே வெள்ளை. அப்படி ஒரு மணத்தை நான் இந்த ஊரில் முகர்ந்ததில்லை. முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டேன்.

கோழிகளுக்குத் தீனி வைத்துக்கொண்டிருந்தபோது செல்வக்குமார் வந்தார். ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்துவிட்டு, வருகிற வழியில் செக்கானூரணியில் இறங்கி வாங்கி வந்திருக்கிறார். பெரிய டப்பா. கோழிக்கான வைட்டமின். மந்தையில் சொன்ன வார்த்தையைக் காப்பாற்றுகிறாராம். கண்ணெல்லாம் சிவந்திருந்தது, அழுதிருப்பார் போல. எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. அதற்காக விட்டுவிட முடியாது.

"இந்தாங்க மதினி" என்று நீட்டினார்.

வாங்கினேன். மூடியைத் திறந்து, உள்ளே இருந்த சின்னக் கரண்டியை எடுத்து அவர் கையிலேயே வைத்தேன்.

"கோழிக்கு ஒரு குடத்துக்கு எம்புட்டுன்னு டாக்டரம்மா சொல்லியிருக்காங்க. அன்னக்கொடிக்கு எம்புட்டுக் கலக்கணும் கொழுந்தனாரே? நீங்களே சொல்லுங்க, கலக்குறேன்."

அவர் கரண்டியைப் பார்த்தபடி நின்றார். பதில் வரட்டும் என்று இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நானும் நின்றேன்.